பசி மாதங்களில் பிள்ளைகளைக் காப்பது: மலாவி கிராம மிஷன் நிலையங்களுக்கு ஒரு கைநூல்

மலாவியில் மக்காச்சோளம் வீடு வந்து சேர்வது ஏப்ரல், மே மாதங்களில். கொஞ்ச நிலம் மட்டும் உள்ள வீட்டில் அந்தக் குதிர் நவம்பரிலேயே தரை தட்டிவிடும். அடுத்த அறுவடை வரும்வரை, டிசம்பர் முதல் மார்ச் வரை, கிராமம் கையில் கிடைத்ததைத் தின்று பிழைக்கும். இதற்கு மக்கள் சொல்லும் பெயர் ‘ஞ்ஜாலா’, அதாவது பசி. மழைக்காலமும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் உச்சத்துக்கு வருவது இதே மாதங்களில்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அதிகம் நொடிந்துபோவதும் அப்போதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஊழியத்துக்குப் போகும் அருட்சகோதரிகள், குருக்கள், போதகர்கள், இல்லறத் தொண்டர்கள் எல்லாரும் முதல் வருடமே இந்த மாதங்களைச் சந்திக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது, எங்கே தவறும் என்பதை இங்கே எழுதியிருக்கிறோம். இதில் வரும் பழக்கவழக்கங்கள் நடுமலாவியின் செவா மக்களுடையவை. ஏரிக்கரையின் யாவோ கிராமங்களிலும் வடக்கே தும்புகா மக்களிடமும் சில மாறும்.

போய்ச் சேர்ந்த முதல் மாதங்கள்

முதல் மூன்று மாதம் எந்தத் திட்டமும் தொடங்காதீர்கள். சிச்செவா மொழி படியுங்கள், கிராமத்துக்குள் நடங்கள், சாவு வீடுகளுக்குப் போங்கள். செவா மக்களின் பண்பாட்டை முறையாகக் கற்க டெட்சா மாவட்டத்தின் முவா மிஷனில் உள்ள குங்கோனி பண்பாட்டு மையம் நல்ல இடம். வெள்ளைத் தந்தையர் சபையின் குரு க்ளோட் பூஷே 1976-ல் தொடங்கியது அது.

ஒரு வீட்டுக்குப் போனால் வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று ‘ஓடி!’ என்று குரல் கொடுங்கள். உள்ளேயிருந்து ‘ஓடினி’ என்று பதில் வந்த பிறகுதான் முற்றத்தில் கால் வைக்க வேண்டும். பாயில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். நாற்காலி கேட்காதீர்கள். ‘முலி ப்வான்ஜி?’ என்று நலம் விசாரித்து முடிக்காமல் காரியம் பேசத் தொடங்குவது அவமரியாதை. ந்சிமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவருக்குக் கை பழக ஒரு நாள்கூட ஆகாது, இது நமக்கு வாய்த்த ஒரு நன்மை. இன்னொரு பக்கம், இந்திய முகத்தைப் பார்த்ததும் ஊரில் ‘ம்வெனியே’ என்பார்கள். நகரத்துக் கடைக்கார இந்தியர்களைக் குறிக்கும் சொல் அது. பணமுள்ள வியாபாரி என்ற அந்த எண்ணம் அவர்கள் மொழியில் நீங்கள் பேசப் பேசத்தான் கரையும்.

சாவு வீட்டுக்குப் போவதை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். ‘மலிரோ’ நடக்கும் நாளில் கிராமத்தில் எல்லா வேலையும் நின்றுவிடும். பெண்கள் மாவும் விறகும் சுமந்து வருவார்கள், இரவு முழுக்கப் பாடுவார்கள். பெண்கள் பெண்களோடும் ஆண்கள் ஆண்களோடும் தரையில் உட்கார வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளை எடைபோடும் நாள் வந்தால் அதை மாற்றிவையுங்கள். மாற்றாமல் நடத்தினால் தாய்மார் யாரும் வரமாட்டார்கள். வராதது அன்றைக்கு மட்டுமாகவும் இருக்காது.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். லிவிங்ஸ்டோனியா மிஷன் 1875-ல் மலாவி ஏரியின் தென்முனையில், கேப் மக்ளியரில் தொடங்கியது. அங்கே மலேரியா ஊழியர்களைக் கொண்டுபோனதால்தான் ஏரிக்கரையோடு இடம் மாறி, கடைசியில் 1894-ல் வடக்கே கொண்டோவே மேட்டு நிலத்துக்குப் போனது. மருந்து தோய்ந்த கொசுவலையைக் கட்டிலின் மெத்தைக்கடியில் செருகித் தூங்குங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏரி அழகாக இருக்கிறதென்று கரையோர நாணல் தண்ணீரில் இறங்கிக் குளித்தால் ‘லிகோட்சோ’ எனும் நத்தைக் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும்.

அனுமதியும் ஆள்களும்

மிஷன் தன் வளாகத்தில் தானாக ஒரு சத்துணவு முகாம் தொடங்கக் கூடாது. மாவட்ட சுகாதார அலுவலகம்தான் முதல் படி. மலாவியில் மிஷன் மருத்துவமனைகள் ‘சாம்’ என்ற கிறிஸ்தவ சுகாதாரச் சங்கத்தின்கீழ் அரசோடு ஒப்பந்தத்தில் இயங்குகின்றன. அருகில் அப்படியொரு நிலையம் இருந்தால் அதன் கீழேயே வேலையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மருத்துவரும் செவிலியரும் மலாவியின் மருத்துவ, செவிலியர் மன்றத்தில் பதிவு பெறாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது, சொந்த நாட்டில் முப்பது வருட அனுபவம் இருந்தாலும் சரி. ஊட்டக்குறைப் பிள்ளைக்குக் கொடுக்கும் சிகிச்சை உணவு, அதாவது பொட்டலத்தில் வரும் கடலை விழுது, மாவட்டக் கிடங்கிலிருந்தே வரவேண்டும். வெளியிலிருந்து தனியாக வரவழைத்தால் கணக்கு இரண்டாகும். ஒரே பிள்ளை இரண்டு பதிவேட்டில் இருக்கும், சாகும் பிள்ளை எதிலும் இருக்காது.

அதன் பிறகு வட்டாரத் தலைவர், கிராமக் கூட்டுத் தலைவர், கிராமத் தலைவரான ‘ம்ஃபூமு’ என்று இறங்கி வாருங்கள். எச்.எஸ்.ஏ. என்று எல்லாரும் அழைக்கும் கிராமச் சுகாதார உதவியாளரை உடன் அழைத்துப் போங்கள். பேச அவரையே விடுங்கள். நீங்கள் போன பிறகும் அங்கே இருக்கப்போகிறவர் அவர்தான்.

செவா மக்கள் தாய்வழி மரபினர். கணவன் பெரும்பாலும் மனைவியின் ஊரில் வந்து வாழ்வான், பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு பிள்ளையை மருத்துவமனையில் சேர்ப்பதா என்று முடிவெடுக்கும் இடத்தில் தாயின் அண்ணன் ‘அங்கொஸ்வே’யாக நிற்பார், பாட்டி ‘அகோகோ’வாக நிற்பார். தந்தையிடம் மட்டும் பேசிவிட்டு, மறுநாள் தாய் வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை. தாய்மாமனின் வாக்குக்கு எவ்வளவு கனம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அளப்பது

கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து ‘மெலிந்த பிள்ளை’ என்று முடிவு செய்தால் கன்னம் உப்பிய பிள்ளையை விட்டுவிடுவீர்கள். அந்தப் பிள்ளைதான் பல நேரம் முதலில் சாகும்.

இரண்டு சோதனை போதும். முதலாவது, புயச் சுற்றளவு நாடா. 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும். இடது கையை மடக்கச் செய்து, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். பிறகு கையை நீட்டித் தளரத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்றுங்கள். தோலுக்கும் நாடாவுக்கும் நடுவே இடைவெளி கூடாது, தோல் சுருங்கவும் கூடாது. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு: கடுமையான ஊட்டக்குறை. 11.5 முதல் 12.5-க்குள் மஞ்சள்: மிதமான குறை. 12.5-ம் அதற்கு மேலும் பச்சை.

சட்டைக் கையின்மேல் சுற்றுவது, மடங்கிய கையிலேயே அளப்பது, அழும் பிள்ளை உதறும்போது இறுக்கிவிடுவது, இவைதான் அடிக்கடி நேரும் பிழைகள். இறுக்கினால் பச்சைப் பிள்ளை மஞ்சளாகும், தளர்த்தினால் சிவப்புப் பிள்ளை தப்பிப்போகும். நாள்பட்ட நாடா நீண்டுவிடும். சுற்றளவு தெரிந்த ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு, முகாம் தொடங்கும் முன் நாடாவை அதில் சுற்றிச் சரிபாருங்கள்.

இரண்டாவது, நீர்வீக்கம். இரண்டு பாதங்களின் மேல்பக்கத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி நின்றால் அது குவாஷியார்கர். புயச் சுற்றளவு பச்சையாக இருந்தாலும் இது கடுமையான நோய். மலாவியில் இது மிகுதி. குவாஷியார்கர் என்ற சொல் கானா நாட்டின் கா மொழியிலிருந்து வந்தது. அடுத்த பிள்ளை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். 1930-களில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அதை மருத்துவ நூல்களுக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் ‘சவலைப் பிள்ளை’ என்போமே, அதே கண்டறிவு.

வீக்கத்தின் அளவைக் கூட்டல் குறியால் (+) எழுதுவார்கள்: பாதத்தில் மட்டும் என்றால் ஒரு கூட்டல், கால் முட்டிவரை அல்லது கைகளிலும் என்றால் இரண்டு, முகமும் கண்ணும் வீங்கியிருந்தால் மூன்று. மூன்று கூட்டல் நேராக மருத்துவமனைக்கு.

இந்த வீக்கத்தைப் பற்றி ஊரில் பேசும்போது கவனம் வேண்டும். பெற்றோர் உடலுறவு விலக்கை மீறியதால் பிள்ளை வீங்குகிறது என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு, ‘ம்டூலோ’ என்பார்கள். அதனால் தாய் வெட்கப்பட்டுப் பிள்ளையைச் சிடெஞ்சே துணிக்குள் மூடி வீட்டிலேயே வைத்திருப்பாள். எல்லார் முன்னும் பாதத்தை அழுத்திக் காட்டி விளக்கம் சொல்லாதீர்கள். ஓரமாக அழைத்துப் பாருங்கள். நம்பிக்கையைப் பழித்துப் பேசவும் வேண்டாம். ‘இதற்கு மருந்து உணவு இருக்கிறது, பிள்ளை பிழைக்கும்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

எடைக்கு 25 கிலோ தொங்கு தராசு போதும். மா மரக்கிளையில் கண் மட்டத்துக்குக் கட்டுங்கள். பிள்ளைகள் அந்த நீலக் கால்சட்டைத் தொட்டிலைக் கண்டாலே அலறும். தாயின் சிடெஞ்சே துணியிலேயே தூளி கட்டி மாட்டினால் அமைதியாகும். ஆனால் ஒவ்வொரு துணிக்கும் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறக்கக் கூடாது. காலையில் எடை தெரிந்த ஒரு பொருளைத் தொங்கவிட்டு, தராசு உண்மை சொல்கிறதா என்று பாருங்கள்.

யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது

கடுமையான குறையுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே தேறலாம். இந்த முறையை முதலில் பெரிதாகச் சோதித்த இடங்களில் மலாவியின் டோவா மாவட்டமும் ஒன்று, 2002-ல். முன்பு எல்லாரையும் வாரக்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். தாய் வயலை விட்டு வந்தாள், வீட்டிலிருந்த மற்ற பிள்ளைகள் நோயில் விழுந்தன.

யார் வீட்டில் இருக்கலாம் என்பதை உணவுப் பசிச் சோதனை சொல்லும். அமைதியான இடத்தில் தாய் கைகழுவி, பிள்ளையை மடியில் வைத்து, பொட்டலத்திலிருந்து சிகிச்சை உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டட்டும். ஒரு கோப்பையில் சுத்தமான தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். 7 முதல் 10 கிலோ வரையுள்ள பிள்ளை குறைந்தது மூன்றில் ஒரு பொட்டலம் தின்ன வேண்டும். அரை மணி நேரம் வரை பொறுங்கள், நடந்து களைத்து வந்த பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம். வாயைப் பிடித்துத் திணித்தால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. பசியற்ற பிள்ளை உள்ளுக்குள் கிருமித் தொற்றால் வாடுகிறது, வீட்டுக்கு அனுப்பினால் இறந்துபோகும்.

பசிச் சோதனையில் தோற்றவர், மூன்று கூட்டல் வீக்கம் உள்ளவர், தின்றதெல்லாம் வாந்தியெடுப்பவர், வலிப்பு வந்தவர், கண் திறக்க முடியாமல் சோர்ந்தவர், உடல் குளிர்ந்தவர், கடும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் உள்ளவர், 6 மாதத்துக்கு உட்பட்ட மெலிந்த குழந்தை: இவர்கள் அன்றைக்கே மருத்துவமனையின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குப் போக வேண்டும். போகும் முன் 100 மி.லி. கொதித்தாறிய நீரில் தட்டையாக 2 தேக்கரண்டி சர்க்கரை கரைத்து 50 மி.லி. குடிக்கக் கொடுங்கள். ரத்தச் சர்க்கரை வழியிலேயே இறங்கிச் சாகும் பிள்ளைகள் உண்டு. தாயின் மார்பில் தோலோடு தோலாக வைத்துத் துணியால் சுற்றிக்கட்டுங்கள். பயணக் கூலி, இருவாரத்துக்கு மாவு, வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்க்க யார் என்பது, இம்மூன்றுக்கும் விடை கண்டபின் வண்டியில் ஏற்றுங்கள். விடை இல்லாமல் அனுப்பிய தாய் மூன்றாம் நாள் ஓடி வந்துவிடுவாள்.

நல்லெண்ணத்தில் செய்யும் மூன்று கேடுகள் இங்கே உண்டு. வீக்கத்தை வற்றச்செய்ய நீர்பிரிக்கும் மாத்திரை கொடுப்பது பிள்ளையைக் கொல்லும். தொடக்கத்திலேயே இரும்புச்சத்து டானிக் கொடுப்பது தொற்றைத் தூண்டும். நரம்பில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லி உறவினர் கெஞ்சுவார்கள். அதிர்ச்சி நிலையில் இல்லாத பிள்ளைக்கு அது இதயத்தை மூழ்கடிக்கும்.

பொட்டலக் கணக்கு

சிகிச்சை உணவு என்பது நிலக்கடலை விழுது, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, தாதுக்கள், வைட்டமின்கள் சேர்த்தது. ஊரில் இதற்கு ‘சிபோண்டே’ என்றே பெயர், கடலை விழுது என்று பொருள். ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்கத் தேவையில்லாததால் கிருமி வளராது. அதுதான் இதன் பெரிய பலம். எடைக்கேற்ற வாரப் பங்கு:

4.0 முதல் 4.9 கிலோ: 14 பொட்டலம்
5.0 முதல் 6.9 கிலோ: 18
7.0 முதல் 8.4 கிலோ: 21
8.5 முதல் 9.4 கிலோ: 25
9.5 முதல் 10.4 கிலோ: 28
10.5 முதல் 11.9 கிலோ: 32

சுகாதார நிலையச் சுவரில் உள்ள அட்டவணை இதிலிருந்து மாறினால் அதையே பின்பற்றுங்கள். ஒரு பெட்டியில் 150 பொட்டலம். 8 கிலோ பிள்ளைக்கு எட்டு வாரம் என்றால் 168 வேண்டும். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டிக்குச் சற்று மேலே என்று கணக்கிட்டு, அக்டோபர் முடிவதற்குள் கிடங்கை நிரப்புங்கள். மழை இறங்கியதும் மண் சாலையில் லாரி சிக்கும், நடுஜனவரியில் உணவு தீர்ந்தால் பாதி தேறிய பிள்ளைகள் திரும்ப விழும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். எலிக்கு இதைவிடப் பிடித்த பண்டம் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள் முகாம். நாளைத் தாய்மாரே சொல்லட்டும். பசி மாதங்களில் அவர்கள் விடியும் முன்பே ‘கன்யூ’ போவார்கள், பிறர் வயலில் களையெடுத்து அன்றைய மாவைக் கூலியாக வாங்கி வருவது அது. முகாம் நண்பகல்வரை இழுத்தால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. முதலில் வந்த தூரத்துத் தாயை முதலில் அனுப்புங்கள்.

சுகாதாரப் பணியாளர் ஆண்டிபயாட்டிக் தொடங்குவார், காய்ச்சல் இருந்தால் மலேரியா பார்ப்பார், இரண்டாம் வாரம் குடற்புழு மருந்து தருவார், தடுப்பூசி அட்டையைச் சரிபார்ப்பார். தாய்க்கும் பிள்ளைக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை உண்டா என்று கேட்பதும் அவர் வேலை. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் ஆயுள் முழுதும் மருந்து என்ற முறையை மலாவி 2011-லேயே தொடங்கிவிட்டது, ஆகவே சோதனை முடிந்தால் மருந்து நிச்சயம். அதற்கென்று தனி வரிசை மட்டும் வேண்டாம். வரிசையைப் பார்த்தே ஊர் பேசும்.

தாயிடம் சொல்ல வேண்டியவை ஐந்தே. முதலில் தாய்ப்பால், பிறகு சிபோண்டே. சிறிது சிறிதாக நாளுக்குப் பலமுறை. கூடவே நிறையத் தண்ணீர். இது இந்தப் பிள்ளையின் மருந்து, மற்றவருக்கு அல்ல. இதைக் கஞ்சியில் கலக்கக் கூடாது. சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், தலையாட்டலை நம்பாதீர்கள்.

எடை ஏறாத பிள்ளை

இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினாலோ மூன்று வாரம் நின்றேவிட்டாலோ ஏதோ தவறுகிறது. முதலில் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பங்கீடுதான். நாலு பிள்ளை பசித்திருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இனிப்பான உணவு கொடு என்று தாயிடம் சொல்வது கொடுமையான கட்டளை. வெறும் கண்டிப்பால் அது நடக்காது. அந்த வீட்டுக்குப் பசி மாதங்களில் ஒரு மூட்டை மாவு தனியாகக் கொடுக்க முடிந்தால் பிள்ளையின் மருந்து பிள்ளைக்குப் போகும். வெற்றுப் பொட்டலங்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். சந்தையில் விற்பதும் குறையும், கணக்கும் தெரியும். எண்ணிக்கை குறைந்த தாயை எல்லார் முன்னும் திட்டினால் அடுத்த வாரம் வரமாட்டாள், அவ்வளவுதான்.

பங்கீடு இல்லையென்றால் காசநோய், எச்.ஐ.வி., ஓயாத வயிற்றுப்போக்கு என்று தேட வேண்டும், அதற்கு மருத்துவமனை. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று மட்டும் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றதுதான் பாதியைத் தின்கிறது.

புயச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறையாமல் அடுத்தடுத்த இரு வருகையில் இருந்து, வீக்கமும் இரு வாரம் இல்லாமல் இருந்தால் பதிவை முடிக்கலாம். மாதக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டுங்கள். வெளியேறியவர்களில் தேறியவர் 75 விழுக்காட்டுக்கு மேல், நடுவில் நின்றவர் 15-க்குக் கீழ், இறந்தவர் 10-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது நிவாரணப் பணிகளுக்கான உலகளாவிய ஸ்ஃபியர் அளவுகோல். நின்றவர் கூடினால் முகாம் நாள், தூரம், நம்மவர் பேசும் விதம், இந்த மூன்றில் எதுவோ தவறு.

லிகுனி பாலா

மஞ்சள் நாடாப் பிள்ளைகளுக்குக் கஞ்சி. தலைநகர் லிலாங்வேக்கு அருகிலுள்ள லிகுனி மிஷனின் பெயரைத் தாங்கிய ‘லிகுனி பாலா’ நாடு முழுக்கத் தெரிந்த சத்து மாவு. 8 கிலோ மக்காச்சோளத்துக்கு 2 கிலோ சோயா. வெள்ளையாகத் தீட்டிய மாவு வேண்டாம். தவிடோடு அரைத்த ‘ம்காயிவா’தான் வேண்டும்.

சோயாவில்தான் எல்லாத் தவறும் நடக்கும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் ஒரு பொருள் உண்டு, வேகாத மாவு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு தரும். கல், சொத்தை பொறுக்கி, தளதளவென்று கொதிக்கும் நீரில் சோயாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். குளிர்ந்த நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் பச்சை வாடை ஏறி, பிள்ளை துப்பும். அரை மணி வேகவைத்து, தேய்த்துத் தோல் நீக்கி, பாயில் நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து, மக்காச்சோளத்தோடு ஆலையில் அரையுங்கள். சோயாவில் உள்ள எண்ணெய் சிக்குவாடை பிடிக்குமாதலால் மாவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றி, கிண்டியபடி கால் மணி வேகவிடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது. தண்ணீராகக் காய்ச்சிய கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. ஊரில் நடக்கும் முதன்மைப் பிழை இதுதான், மாவு மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் வருவது. இறக்கும் முன் இடித்த நிலக்கடலை ‘ந்சிஞ்ஜிரோ’ ஒரு கரண்டி, அல்லது ஏரியின் காய்ந்த ‘உசிப்பா’ மீன் பொடி. பூஞ்சை பிடித்த, சுருங்கிய கடலையை எறியுங்கள், அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கும். தென்மலாவியில் முருங்கை நன்றாக வளர்கிறது, ‘சம்வம்பா’ என்பார்கள். இளங்கீரையை உருவிக் கஞ்சியில் போடச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர் யார்?

கஞ்சியை மிஷன் சமையலறையில் காய்ச்சி வரிசையில் ஊற்றாதீர்கள். தாய்மார் தம் மாவு, விறகு, கீரை கொண்டுவந்து மரத்தடியில் சேர்ந்து சமைத்துத் தம் பிள்ளைக்குத் தாமே ஊட்டட்டும், 12 நாள் தொடர்ச்சியாக. மிஷன் சோயாவும் கடலையும் சேர்த்தால் போதும். இதைப் பரப்ப ‘கேர் குரூப்’ முறை நன்கு உதவும். 1995-ல் பக்கத்து மொசாம்பிக்கில் வேர்ல்ட் ரிலீஃப் என்ற கிறிஸ்தவ அமைப்பு தொடங்கியது அது. 10 முதல் 15 தாய்மார் இரு வாரத்துக்கொரு முறை கூடி ஒரு பாடம் கற்று, ஒவ்வொருவரும் பக்கத்து 10 முதல் 15 வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். வெளியாள் சொல்லும் பத்துச் சொல்லைவிடப் பக்கத்து வீட்டுத் தாயின் ஒரு சொல் நடக்கும்.

வாசலில் நிற்பவர்கள்

ஜனவரியில் விடியும்போதே மிஷன் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். மனம் பொறுக்காமல் அரிசியையும் பணத்தையும் அள்ளிக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். வாசலுக்கு வருகிறவர் நடக்க முடிந்தவர், மிஷனுக்கு அருகில் குடியிருப்பவர், சகோதரியின் முகம் தெரிந்தவர். நாலு மைல் தள்ளிப் படுத்திருக்கும் பாட்டியும் அவள் வளர்க்கும் தாயற்ற பேரனும் அங்கே வரமாட்டார்கள். வாசலில் கொடுக்கும் ஒவ்வொரு மூட்டையும் அவர்கள் பங்கிலிருந்துதான் போகிறது.

அதற்கு மாற்று இப்படி. மாத ஆரம்பத்தில் ஒரு தொகையை ஒதுக்குங்கள், அதைத் தாண்டாதீர்கள். கிராமத் தலைவர், எச்.எஸ்.ஏ., தேவாலயத்திலிருந்து ஒருவர், மசூதி இருந்தால் அதிலிருந்து ஒருவர், இரண்டு மூத்த பெண்கள் என்று ஒரு குழு, வீடு வீடாகப் போய்ப் பெயர்ப் பட்டியல் எடுக்கட்டும். பட்டியலைக் கிராமக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். தலைவரின் உறவினர் பெயர்கள் கூடுதலாக இருந்தால் மூத்த பெண்கள் முகத்திலேயே தெரியும், அப்போது திரும்ப எண்ணுங்கள். வேலை செய்ய முடிந்தவருக்கு மிஷன் வயலில் ஊர்க் கூலிக்குக் குறையாத ‘கன்யூ’ கொடுங்கள். வாசலில் நிற்பவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, குழு எந்த நாள் கூடுகிறது என்று சொல்லி அனுப்புங்கள். மிஷன் வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒரு சகோதரி இல்லை என்றும் இன்னொருவர் ஒளித்துக் கொஞ்சமும் கொடுத்தால், அடுத்த நாள் இரண்டு மடங்கு ஆள் நிற்கும், சகோதரிகளுக்குள்ளும் மனக்கசப்பு வரும்.

ஒரு பொட்டலமும் எந்த ஜெபத்தோடும் கட்டப்படக் கூடாது. மலாவியில் அரசுக் கூட்டமே ஜெபத்தோடுதான் தொடங்கும். ஆகவே முகாமும் சிறு ஜெபத்தோடு தொடங்குவது இயல்பு, அதை ஊர்ப் பெண் ஒருவர் சொல்லட்டும். ஆனால் யாவோ முஸ்லிம் தாய் ஞாயிறு ஆராதனைக்கு வந்தாளா என்று பார்த்துப் பங்கு கொடுப்பவர் சுவிசேஷத்தையே விற்கிறார். மெலிந்த பிள்ளையின் படத்தை எடுத்து ஊருக்கு அனுப்பவும் வேண்டாம். நன்கொடையாளருக்குப் பதிவேட்டின் எண்களை அனுப்புங்கள்.

மிஷன் வண்டி இரவில் ஆம்புலன்ஸ் ஆகிவிடும், அதைத் தவிர்க்க முடியாது. பிரசவம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்று எதற்கு இரவில் வண்டி எடுப்பது என்பதைத் தலைவர்களோடு முன்கூட்டியே பேசி எழுதிவையுங்கள். மற்றவற்றுக்குக் கிராமத்தில் ஒரு சைக்கிள் ஆம்புலன்ஸ், அதாவது சைக்கிளுக்குப் பின்னால் படுக்கை வண்டி. டியூப்பும் பஞ்சர் பசையும் யார் கையில் இருக்கும் என்று சேர்த்து முடிவு செய்யாவிட்டால் இரண்டு மாதத்தில் மூலையில் சாய்ந்துவிடும்.

ஏப்ரல் வந்ததும்

பச்சை மக்காச்சோளக் கதிரும் புதுக் கடலையும் வந்துவிட்டால் முகாம் காலியாகும். அப்போது நிறுத்திவிடாதீர்கள். தேறி வெளியேறிய பிள்ளைகளை எச்.எஸ்.ஏ.யும் பக்கத்துத் தாயும் இரண்டாம் வாரத்திலும், பிறகு மாதம் ஒரு முறை மூன்று மாதமும் வீட்டில் போய் அளக்கட்டும். அகோகோவுக்கே நாடாவைக் கொடுத்து அளக்கக் கற்றுக்கொடுங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் சிவப்பும் மஞ்சளும் தெரியும். அறுவடை வீட்டில் இருக்கும்போதே தானியம் காக்கும் வேலை தொடங்க வேண்டும். ஒரு காய்ந்த பாட்டிலில் ஒரு கைப்பிடி மக்காச்சோளமும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் இன்னும் இருக்கிறது, திரும்பவும் காயவைக்க வேண்டும். ஒட்டாமல் விழுந்தால் மூன்றடுக்குக் காற்றுப்புகாப் பையில் கட்டலாம். உள்பை இரண்டையும் தனித்தனியாக முறுக்கி மடித்துக் கட்டுங்கள், ஒன்றாகக் கட்டினால் காற்று நுழைந்து வண்டு பிழைக்கும். அந்தப் பையை ஜனவரிவரை திறக்கக் கூடாதென்று தாயும் தாய்மாமனும் சேர்ந்து சொல்லும் வீட்டில், அடுத்த பசி மாதம் பாதியாகக் குறையும்.